பலூனில் நான் எழுதாத வரி

"கைநாட்டு வூட்டுப் பொண்ணு. எழுத்து நேரா வருமாய்யா?"

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, திண்டிவனத்து அச்சக முதலாளி அப்பாவிடம் கேட்டது இது. சம்மதத் தாளில் அப்பா அப்போதுதான் பெருவிரலை அழுத்தியிருந்தார். "எங்கையெழுத்த எவனும் கள்ளத்தனமா போட முடியாதுங்க. எம்பொண்ணு எழுத்து மட்டும் கோணிக்கினு போயிடுமா?" என்றார். முதலாளியே சிரித்துவிட்டார். வெளியே வந்ததும், நான் பார்க்கவில்லை என்று நினைத்து, விரல் மையைத் தலைமுடியில் தேய்த்துக்கொண்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்.

அந்த அச்சகத்திலிருந்து மாதம் ஒரு சிரிப்புப் படக்கதைப் புத்தகம் வந்தது. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் ஒரே பஸ்ஸில் போய்வரும் ஒருவனும் ஒருத்தியும் ஓயாமல் சண்டை போடுவார்கள். வெறும் நண்பர்கள்தான் என்று சாதிப்பார்கள். கதையும் படமும் ஓவியருடையவை. பாத்திரங்களின் வாயருகே மிதக்கும் பலூன்களில் அவர் பென்சிலால் கிறுக்கியதை நான் மையால் எழுத வேண்டும். சண்டை சப்பென்றிருக்கிறது என்று ஒருநாள் சொன்னேன். "அப்ப நீயே திட்டேன், கேப்போம்" என்றார். "விக்கிரவாண்டில நின்னுபோன லாரி மாதிரி கீற. நகரவும் மாட்ட, வழியும் வுட மாட்ட" என்றேன். அப்படியே அச்சில் வந்தது. அதன்பிறகு அவளுக்கு என் வாய். அவனுக்கு மெல்ல மெல்ல ஓவியரின் சுருட்டை முடி வந்தது. அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

மழை பெய்த ஒரு மதியம் அப்பாவின் மை விரல் கதையை ஓவியரிடம் மட்டும் சொன்னேன். சிரிக்காமல் கேட்டார். அதனாலேயே அவரை நம்பினேன். "அடுத்த புத்தகத்துல அவன் சொல்லிடப் போறான். அவ பதில நீயே எழுது" என்றார். இரண்டு வாரம் அந்தப் பதிலை மனதுக்குள் திருத்திக்கொண்டே இருந்தேன்.

பக்கம் வந்தது. கடைசிக் கட்டத்தில் அவன் ரோஜாவோடு நின்றான். அவள் பலூன் காலி. அதற்கு மேல் கட்டத்தில் அவளுடைய அப்பா, அசட்டுச் சிரிப்போடு, மை விரலைத் தலையில் தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் பலூனில் பென்சில் வரி: "நைனா, தலைக்குச் சாயம் அடிக்கிறியா?" பக்கத்தில் அவன் வயிற்றைப் பிடித்துச் சிரித்தான்.

"இத நான் எழுத மாட்டேன்."

"சிரிப்புக் கதைதானே. உங்கப்பான்னு யாருக்குத் தெரியும்?"

"உங்களுக்குத் தெரியும்ல?"

"இதுக்குப் போயி பேஜாரு பண்றியே. கீழ பாரு, உனக்காகத்தான காலியா வுட்டிருக்கேன்."

என் வாயை எடுத்துக்கொண்டது திருட்டில்லை, நானே கொடுத்தது. ஆனால் முதலாளியைச் சிரிக்கவைத்த அப்பாவின் பதிலையும் அன்று சொல்லியிருந்தேன். அதை விட்டுவிட்டு, அப்பா மறைக்க நினைத்ததை மட்டும் ஓவியர் எடுத்திருந்தார். அதையும் என் வாயால் சொல்லி, என் கையாலேயே எழுத வேண்டுமாம். இரண்டு பலூன்களிலும் மை தொடாமலே பக்கத்தைக் கொடுத்துவிட்டு வேலையை விட்டேன்.

புத்தகம் கடைக்கு வந்தபோது நின்றபடியே புரட்டினேன். யாரோ எழுதியிருந்தார்கள். சாயம் அடிக்கிறியா என்று கேட்டவள், ரோஜாவுக்குச் "சரி" என்றிருந்தாள். எழுத்து கோணல்.

போன வாரம் விழுப்புரத்தில் வேறோர் அச்சகத்தில், நானே வரைந்து எழுதிய படக்கதையின் முதல் பக்கத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். அப்பாவுக்குப் படித்துக்காட்டி, "மூக்குதான் பெருசா கீது, போவட்டும் குடு" என்று அவர் சொன்ன பிறகுதான் கொடுத்தேன். முதல் கட்டத்தில் ஓர் அப்பா மை காயாத பெருவிரலை உயர்த்தி நிற்கிறார். "எங்கையெழுத்த எவனும் கள்ளத்தனமா போட முடியாதுங்க."

எழுத்து நேராகத்தான் வந்திருக்கிறது.