ஆளுக்கொரு முனை

பௌர்ணமி மாலை, கிரிவலப் பாதையோரம் என் பைக்கை இடித்த ஆட்டோக்காரரிடம் கத்திக்கொண்டிருந்தேன். வறுகடலை மென்றபடி பெருத்த உருவத்தில் ஒரு போலீஸ் ஏட்டம்மா வந்து என்னைத் தள்ளிக்கொண்டு போனார். சற்றுத் தள்ளி, கூட்டத்தைத் தடுக்கும் கயிற்றை இளைஞர்கள் பிடித்திருந்தார்கள்.

“ரெண்டு தெருப் பசங்க சார். போன மாசம் கத்தி எடுத்துக்கினு வந்தானுங்க. டீக்கடைக்காரர் உடனே போன் பண்ணாரு. நான் ஆளுக்கொரு முனையைக் குடுத்துட்டேன்.”

“இப்ப அடிச்சுக்க மாட்டாங்களா மேடம்?”

“ரெண்டு கையும் கயித்துல இருக்குதே! விட்டா ஜனம் மேல வந்து சாயும். கொஞ்சம் இதைப் புடிங்க, டீ குடிச்சிட்டு வந்துடறேன்.”

வேறொரு கயிற்றின் முனையை என் கையில் திணித்துவிட்டுப் போனவர் வரவேயில்லை. மறுமுனையில் யாரென்று எட்டிப் பார்த்தேன். அதே ஆட்டோக்காரர்.

“அந்தம்மா டீயே குடிக்காது சார்” என்றார்.