பத்து டன் சுருளும் மூன்று சங்கிலியும்

அந்த இரும்புக் கிடங்கில் லாரிக்குச் சுமை கட்டுபவரை எல்லோரும் ‘சங்கிலி’ என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். தலைச்சுமை தூக்கி, யார் தயவும் இல்லாமல் மேலே வந்தவர். முப்பத்தொரு வருடத்தில் அவர் கட்டிய சுமை ஒன்றுகூட அசைந்ததில்லை. இதை அவரே நாளுக்கு நாலு தடவை சொல்வார். உண்மை என்பதால் எவனும் வாயைத் திறந்ததில்லை.

இரும்புக்கு ஒரு குணம் உண்டு. உட்கார்ந்திருந்தால் உட்கார்ந்தே இருக்கப் பார்க்கும். ஓட ஆரம்பித்தால் ஓடிக்கொண்டே இருக்கப் பார்க்கும். பிரேக் நிறுத்துவது லாரியை மட்டும்தான். முதுகில் இருப்பதை வேறு ஏதாவது பிடித்து நிறுத்தியாக வேண்டும். படித்தவர்கள் இதை விதி என்று புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள். சங்கிலிக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது இடது கையில் நசுங்கிப்போன இரண்டு விரல்கள்.

அன்று மதியம் ஏற்றியது பத்து டன் தகட்டுச் சுருள். ஆள் உயரச் சக்கரம்போல் நின்றது. அது முன்னால் உருளாமல் பின்னுக்கு இழுத்துக் கட்ட இரண்டு சங்கிலி, பின்னால் உருளாமல் முன்னுக்கு இழுத்துக் கட்ட இரண்டு. பின்னுக்கு இழுப்பதில் ஒன்றின் கண்ணியில் மயிரிழை வெடிப்பு. கழற்றி எறிந்தார். மாற்றுச் சங்கிலி வர ஒரு மணி நேரமாகும்.

லாரி ஓட்டுவது அவர் தங்கையின் புருஷன்.

“மூணு போதும் மச்சான். பத்து டன்னு! அதோட கனமே அதை அமுக்கிப் புடிச்சுக்கும். காத்துல பறக்க இது என்ன காகிதமா?”

“கனம் கூடினா அமுக்குறது கூடும், சரி. நிறுத்தத் தேவைப்படுற பலமும் அதே அளவு கூடுமே மாப்ள, அப்புறம் என்ன லாபம்?”

“உங்க பாடத்தைச் சாயங்காலம் வந்து கேக்குறேன்” என்று மாப்பிள்ளை வண்டியைக் கிளப்பினார்.

சங்கிலி சுருளின் அடியில் சாக்பீஸால் அவசரமாக ஒரு கோடு கிழித்துவிட்டு, ஓடிப்போய்ப் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார். “உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா தங்கச்சிக்கு நான்ல பதில் சொல்லணும்.”

முதல் சிக்னல், பாலத்துச் சரிவின் உச்சியில். லாரி மூக்கைக் கீழே நீட்டி நின்றது. முதுகுக்குப் பின்னால் எதுவோ முனகியது. இருவரும் இறங்கிப் பார்த்தார்கள். சங்கிலி கழற்றிய பக்கம் சாக்பீஸ் கோட்டைத் தாண்டி நாலு விரல் நகர்ந்து, சுருள் கோணலாகத் திரும்பியிருந்தது. சுருளுக்கு அடியில் அண்டக் கொடுத்திருந்த மரக்கட்டை நசுங்கி நார் நாராகத் தெரிந்தது. சுருள் எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு திருப்பி இழுத்தாக வேண்டிய வேலை. இரண்டு பேர் வேலையை ஒற்றைச் சங்கிலி செய்துகொண்டிருந்தது.

மாப்பிள்ளையின் முகம் வெளுத்தது. வீம்பு போகவில்லை. “மெதுவாதான் இறங்குவேன்.”

“மெதுவா போனாலும் நிக்கணும்ல?” சங்கிலி அவர் கையிலிருந்த சாவியைப் பிடுங்கினார்.

“மச்சான், மரியாதையா குடுங்க! பின்னால ஊரே ஹாரன் அடிக்குது.”

“அடிக்கட்டும். நீ ஏறாத.”

மாப்பிள்ளை ஒரு காலைப் படியில் வைத்தார். சங்கிலி அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். இருவரும் தார்ச்சாலையில் விழுந்த அதே நேரம் ‘டிக்’ என்று ஒரு சத்தம். நகம் வெட்டுகிற சத்தம்தான்.

சுருள் அவசரப்படவில்லை. கட்டையை மிதித்து ஏறி, முன்தடுப்பை மடக்கி, அப்படியே கேபினுக்குள் நுழைந்தது. ஓட்டுநர் இருக்கை ஸ்டீயரிங்கோடு ஒட்டிப்போனது.

சங்கிலி லாரியின் சக்கரத்தையே பார்த்தார். இடித்த வேகத்தில் கைபிரேக் கிறீச்சிட்டு, வண்டி ஒரு சாண் நகர்ந்திருந்தது. இன்னும் நகர்ந்தது.

“கல்லு! மாப்ள, கல்லு எடு!”

சரிவின் அடியில் ஜனங்கள் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள். ஒருவரும் மேலே பார்க்கவில்லை.