டிக்கியில் நைனா போட்ட ஓட்டை

இந்த ஊரில் ஆண்டுக்கு ஒருமுறை காரின் உடல்நலம் விசாரித்துக் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து ஒரு படிவம் வரும். உங்கள் வாகனத்தில் புதிதாக ஏதாவது மாற்றம் செய்தீர்களா, யார் செய்தது, சான்றிதழ் எங்கே? ராட்டர்டாமுக்கு நான் வந்து பதினொரு வருடமாகிறது. நான் எப்படி மாறியிருக்கிறேன் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. என் கார் ஏற்கெனவே மாற்றிக் கட்டிய கார்தான். சின்ன வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து என் வலது கால் சூம்பிவிட்டது. பிரேக், ஆக்ஸிலேட்டர் இரண்டையும் கையால் இயக்க ஒரு நெம்புகோல் வைத்திருக்கிறேன். அதற்குச் சான்றிதழ் உண்டு, காப்பீட்டிலும் தகராறு வந்ததில்லை. இந்த வருடம் வந்த வினை டிக்கியில் இருந்தது.

போன கோடையில் என் நைனா ஒரு மாதம் வந்து தங்கினார். பழவேற்காட்டுப் பக்கம் கடலோரக் குப்பத்தில் மீன்பிடிக்கிற மனுஷன். வந்து இறங்கிய நாள் முதல் என் தம்பி ஏழுமலையின் புராணம்தான். அவன் படகு, அவன் வலை, அவன் காற்றைப் பார்த்துச் சொல்வது எல்லாமே பலிப்பது. மறைப்பானேன், எனக்குப் பொறாமை. கால் சரியில்லாதவனுக்குக் கடல் எதற்கு என்று என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். தம்பிக்கோ நைனா தன் கையாலேயே படகை இழைத்தார். உட்காரும் பலகையை அவன் உயரத்துக்கு இறக்கினார், இன்ஜின் கைப்பிடியை அவன் கைக்கு எட்டுகிற மாதிரி நீட்டினார். எனக்கென்று அவர் ஒரு ஆணி அடித்ததில்லை. படிக்காமல் போனானே என்று ஊர் அவனைப் பார்த்துப் பரிதாபப்பட்டபோது நான் வயிறெரிந்துகொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை அவரைச் சந்தைக்குக் கூட்டிப்போய் ஐஸோடு கானாங்கெளுத்தி வாங்கி வந்தேன். வீடு வந்து டிக்கியைத் திறந்தால் குளம்.

"இன்னாடா இது, தண்ணி போறதுக்கு வழியே வெக்காம கட்டிக்கீறான்?" என்றார் நைனா.

மறுநாள் நான் குளித்துவிட்டு வருவதற்குள் பக்கத்து வீட்டில் டிரில் மெஷின் வாங்கி, டிக்கியின் தாழ்ந்த மூலையில் கட்டைவிரல் அளவுக்கு ஓட்டை போட்டுவிட்டார். கையைக் கிழிக்காதபடி விளிம்பை அரத்தால் தேய்த்து ரப்பர் வளையமும் வைத்திருந்தார். காப்பீடு என்னாகும் என்று கத்தினேன்.

"தண்ணி போற வழிய மொதல்ல பாக்கணும்டா. தம்பிக்கு நான் கீறேன். இங்க உனுக்கு யாரு பாப்பாங்க?"

அவர் தூங்கிய பிறகு வாளியில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றி, அது வடிவதை நாலைந்து தடவை பார்த்தேன். அவ்வளவு சந்தோஷம்.

படிவத்தில் உண்மையை எழுதினேன். சோதிக்க ஒருவர் வந்தார். நெம்புகோலைப் பார்த்துத் தலையாட்டினார். டிக்கியைப் பார்த்ததும், "மெனீர், இது துருவா?" என்று டச்சில் ஐயா போட்டுக் கேட்டார்.

"இல்லை, என் அப்பா."

"அவருக்குப் பட்டறை உரிமம் உண்டா?"

"படகு உண்டு."

பிறந்த ஊரைக் கேட்டார். பழவேற்காடு, உங்கள் டச்சு முன்னோர் பலர் எங்கள் ஊரில்தான் புதைந்திருக்கிறார்கள், கல்லறைகளுக்கு நடுவே ஆடு மேய்கிறது என்றேன். நெருக்கம் காட்டத்தான் சொன்னேன். அவரோ புகார் என்று நினைத்து, அந்தப் பராமரிப்பு எங்கள் பிரிவில் வராது என்றார். உண்மையில் அந்தச் செத்த டச்சுக்காரர்கள் மேலும் எனக்குப் பொறாமை உண்டு. ஏரிக்கரையை விட்டு யாரும் அவர்களைக் கிளப்பப் போவதில்லை.

ஓட்டை வழியாகப் புகை உள்ளே வரும், அடைத்தால்தான் காப்பீடு என்று முடிவாகச் சொல்லிவிட்டுப் போனார். காப்பீடு இல்லாமல் காரை எடுக்க முடியாது. நான் வேலை செய்யும் துறைமுகக் கிடங்குக்கு விடியற்காலையில் பஸ் கிடையாது. இரண்டு நாள் தள்ளிப்போட்டுவிட்டுப் பட்டறைக்குப் போனேன். பத்தே நிமிடத்தில் வெல்டிங் வைத்துப் பெயின்டும் அடித்துவிட்டார்கள். தடவிப் பார்த்தேன், இடம் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நைனா போனில் கேட்டார். "தண்ணி நிக்குதாடா?"

"சொட்டுகூட நிக்கல, நைனா." பொய்யில்லை. நான் மீன் வாங்குவதையே விட்டிருந்தேன்.

"தம்பி மீன் ஏத்த ஒரு வேன் எடுத்துக்கீறான். வண்டி வந்த அன்னிலேர்ந்து ஒரே ரப்சர். அண்ணனுக்குப் போட்ட மாதிரியே எனுக்கும் போட்டுக் குடுன்னு. நேத்துதான் போட்டேன்."

என்னிடம் இருக்கும் ஒன்றை அவன் கேட்டு அழ வேண்டும் என்று எத்தனை வருடம் காத்திருந்தேன். கேட்டுவிட்டான். இனி பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி வரைக்கும் அவன் வேன் ஐஸ் தண்ணீரைச் சொட்டிக்கொண்டே போகும். இங்கே காப்பீடு வந்துவிட்டது, என் கார் உலர்ந்து நிற்கிறது, அண்ணனுக்குப் போட்டது தம்பியிடம் மட்டும்தான் இருக்கிறது.