மரியாதைக்கு நின்ற மோட்டார்

போன மாதம் எங்கள் கம்பெனிக்குப் பெங்களூரிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார். கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பிளான்ட்டை வெயிலில் ஓட்ட முடியுமா என்று பார்க்க.

வெயிலிலா? நானும் அப்படித்தான் கேட்டேன். கூரையில் சோலார் பலகை போட்டால் கரண்ட் வருமாம். மேனேஜர் மேசையில் இருக்கும் கால்குலேட்டர் அப்படித்தான் ஓடுகிறதாம். ஓசூரில் கரண்ட் போவது உங்களுக்குத் தெரியாததா? ஓயாமல் ஜெனரேட்டர் போட்டு முதலாளிக்கு அலுத்துவிட்டது.

பிளான்ட்டுக்கு நான் ஆபரேட்டர். ஜெனரேட்டருக்கு பாஷா பாய்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தொட்டிக்குள் காற்றடிக்கும் பெரிய மோட்டார் ஓடினால் நுரை பொங்கும். பறந்துவந்து சட்டையில் ஒட்டும். அதனால் வெள்ளைச் சட்டை யாராவது கேட்டில் நுழைந்தால் வாட்ச்மேன் இரண்டு விசில் அடிப்பார் — நான் மோட்டாரை நிறுத்திவிடுவேன். யாரும் சொல்லவில்லை. ஒரு மரியாதைதான்.

இன்ஜினியர் சட்டை வெள்ளை. விசில் வந்தது. நிறுத்தினேன்.

எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று பார்க்க மெயின் ஒயரில் இடுக்கி மாதிரி ஒரு மீட்டரை மாட்டினார். முள் லேசாக அசைந்தது.

"இவ்ளோதானா ஓடுது?"

"இப்ப இவ்ளோதாங்க சார்."

பொய்யா சொன்னேன்? அவர் சந்தோஷமாக எழுதிக்கொண்டார். பத்துப் பலகை போதும், ஜெனரேட்டர் வேண்டாம், அதற்கு ஆளும் வேண்டாம் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பாஷா பாய் பக்கத்திலேயே நின்றிருந்தார். மத்திகிரியில் வாடகை வீடு. பெண் பத்தாவது படிக்கிறாள். மத்தியானம் என்னிடம் வந்தார்.

"ஏம்ப்பா முனியப்பா... நீ நிறுத்துன மோட்டாருக்கு நான் வேலைய விட்டுட்டுப் போவணுமா?"

மேனேஜரிடம் சொல்லலாம். ஆனால் காற்று நின்றால் கழிவைத் தின்னும் கிருமி செத்துப்போகும். ஏன் நிறுத்தினாய் என்று கேட்டால்? என் வேலையும் போகும்.

மூன்றாம் நாள் முதலாளியே இன்ஜினியரோடு வந்தார். விசிலைத் தொடவே வேண்டாம் என்று வாட்ச்மேனிடம் காலையிலேயே சொல்லியிருந்தேன். மோட்டார் முழங்கியது. ஒரு கொத்து நுரை முதலாளியின் கண்ணாடியில் உட்கார்ந்தது.

இன்ஜினியர் மீட்டரை மாட்டினார். முள் கடைசிவரை போய் நின்றது. தட்டிப் பார்த்தார். கழற்றி மாட்டினார். அதே இடம்.

"அன்னிக்கு இப்டிக் காட்டலயே?"

"அன்னிக்கு உங்களுக்கு மரியாதையா நிறுத்தி வெச்சிருந்தோங்க சார்."

மேனேஜர் என்னை முறைத்தார். நான் தொட்டியைப் பார்த்தேன்.

முதலாளி கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார்: "எனக்கும் இத்தன வருஷமா இதே மரியாததானா?"

"ஆமாங்க."

இன்ஜினியர் மறுபடி கணக்குப் போட்டார். கூரை போதாது. கெஸ்ட் ஹவுஸ் முன்னால் முதலாளி ஆசையாக வளர்க்கும் புல்தரையும் வேண்டுமாம். முதலாளி யோசிக்கவே இல்லை. ஜெனரேட்டர் இருக்கட்டும், பாயும் இருக்கட்டும் என்றார். இனி யார் வந்தாலும் மோட்டாரை நிறுத்தினால் தொலைத்துவிடுவேன் என்று என்னிடம் சொன்னார்.

நிறுத்துவதில்லை. இப்போது முதலாளி வந்தாலும் மோட்டார் ஓடும். முதலாளிதான் அந்தப் பக்கம் வருவதில்லை.