சட்டைகள் கொடுத்த அறிக்கை

விமானப் பாதுகாப்பு அலுவலகத்து எழுத்தர் இறந்தபோது, இரங்கல் கடிதத்தில் "முப்பத்தொரு ஆண்டும் ஒரு நாள்கூடத் தாமதமாக வராதவர்" என்று எழுதியிருந்தார்கள். மழை நாளில் அவர் பத்தரைக்கு முன் போனதே இல்லை. சட்டை விவகாரத்தைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரி இல்லை.

பெரிய விமானம் போனால் அதன் இறக்கை நுனிகளிலிருந்து இரண்டு காற்றுச் சுழல்கள் கிளம்பிப் பின்னால் மிதக்கும். கண்ணுக்குத் தெரியாது. பின்னால் வரும் சின்ன விமானம் அதில் மாட்டினால் ஒரு பக்கமாகப் புரட்டிவிடும். மாட்டிய விமானி ஒரு படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். அவற்றை வாங்கி அடுக்குவது எழுத்தரின் வேலை. அடுக்கத்தான் ஒன்றும் வராது. விமானிகள் மூச்சு விடமாட்டார்கள்.

அந்த ஆண்டு ஓடுதளத்தில் நெரிசல். பெரிய விமானத்துக்கும் அடுத்து இறங்கும் சின்னதுக்கும் நடுவே இருந்த ஐந்து மைல் இடைவெளியை நான்காக்கிவிடலாம் என்று பேச்சு.

"வருஷத்துக்கு ஒரே ஒரு ரிப்போர்ட். அப்ப பிரச்சினையே இல்லைன்னுதானே அர்த்தம்?" என்றார் துணை இயக்குநர். "பத்து ரிப்போர்ட்டாவது காட்டுங்க, பேசுவோம்."

அதை முடிவு செய்யும் கூட்டத்துக்கு மூன்று வாரம் இருந்தது. எழுத்தரின் மகள் சின்ன விமானத்தில் துணை விமானி. நாளுக்கு நாலு தடவை பெரிய விமானங்களின் வாலைப் பார்த்தபடி இறங்குகிறவள்.

வழி காட்டியவர் விமானிகளின் சீருடை வெளுக்கும் சலவைக் கடைக்காரர்.

"என்னண்ணே, உங்க விமானிங்களுக்கு வாய் எங்க இருக்குன்னு தெரியாதா? இந்த வாரம் ஏழு சட்டை. ஏழுலயும் காபி."

எழுத்தர் துணிப் பையைக் கீழே வைத்தார். "சட்டைல நம்பர் போட்டிருப்பீங்கள்ல?"

"நம்பர், தேதி எல்லாம் சீட்டுல இருக்கு. ஏன், அவங்க வீட்டுல போட்டுக்குடுக்கப் போறீங்களா?"

"கிட்டத்தட்ட."

இரண்டு மாதத்துச் சலவைச் சீட்டுகளையும் விமானங்கள் இறங்கிய பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் பரப்பினார். கறை பட்ட நாளில் பெரிய விமானத்துக்கு அடுத்து இறங்கியவர்கள் பதினான்கு பேர். அவர்கள் வாயை மூடிக்கொண்ட காரணமும் விளங்கியது. இறங்கும் நேரத்தில் காபிக் கோப்பை திறந்திருக்கக் கூடாது என்பது விதி. சுழலைச் சொன்னால் கோப்பையையும் சொல்ல வேண்டிவரும்.

பதின்மூன்று கடிதங்கள் தபாலில் போயின. "ஐயா, பன்னிரண்டாம் தேதி நடந்ததை உங்கள் சட்டை ஏற்கெனவே தெரிவித்துவிட்டது. தாங்களும் தெரிவித்தால் நன்று. படிவத்தில் காபியைப் பற்றிக் கேள்வி இல்லை." தேதி மட்டும் ஆளுக்கு ஆள் மாறும்.

ஒரு கேப்டன் நேரிலேயே வந்துவிட்டார். "யாருய்யா உமக்கு இதைச் சொன்னது?"

"உங்க காலர், சார்."

"இது மிரட்டல்."

"மிரட்டல்னா கோப்பை எவ்வளவு பெருசுன்னு கேட்டிருப்பேன். விமானம் எத்தனை டிகிரி சாஞ்சுதுன்னுதானே கேக்கறேன்?"

கேப்டன் நின்றபடியே நிரப்பினார். முப்பத்தைந்து டிகிரி. இன்னொருவர், அது வீட்டில் குழந்தை தட்டிவிட்ட காபி என்று பதில் போட்டார். அவர் பெயரை எழுத்தர் அடித்துவிட்டார்.

கூட்டத்துக்கு முந்தைய நாள், பழைய ஒன்றையும் சேர்த்துக் கையில் ஒன்பது படிவங்கள். பதினான்காவது கடிதம் அதுவரை மேசை இழுப்பறையில் கிடந்தது. அதைக் காலையில் மகளின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"என்னப்பா இது, தபால்தலையெல்லாம் ஒட்டி?"

"எல்லாருக்கும் ஒட்டினேன்."

படித்தாள். "அடுத்த மாசம் எனக்குக் கேப்டன் தேர்வுப்பா. பயந்தாங்கொள்ளின்னு பேர் வந்துட்டா?"

"வேணாம்னா விடும்மா. ஒம்பது இருக்கு."

"பத்து கேட்டாங்கல்ல?"

"கேட்டாங்க."

அவர் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் மூழ்கினார். அவருக்கு எந்த விளையாட்டும் தெரியாது.

மகள் பேனா கேட்டாள். உயரம் தொள்ளாயிரம் அடி. இடப்பக்கம். நாற்பது டிகிரி.

அவர் நாளிதழை இறக்கினார். "நாப்பதா?"

"நாப்பத்திரண்டு. ரவுண்டா போட்டேன்."

"ரவுண்டா போடாதே," என்றார். அவள் திருத்தினாள்.

கூட்டத்தில் துணை இயக்குநர் பத்தாவது தாளில் நின்றார். "இது உங்க பொண்ணுல்ல?"

"வீட்டுல பொண்ணு, சார். இதுல துணை விமானி."

"உக்காரவெச்சு எழுதி வாங்கினீங்களா?"

"சாப்பாடு போட்டுத்தான் வாங்கினேன், சார்."

யாரோ சிரித்தார்கள். துணை இயக்குநர் அந்த நாற்பத்திரண்டை மறுபடி பார்த்தார். சிரிக்கவில்லை. இடைவெளி இருந்தபடியே இருக்கட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மகளுக்கு அந்த ஆண்டு கேப்டன் பதவி வரவில்லை. அடுத்த ஆண்டு வந்தது. இன்றும் அவள் பெரிய விமானங்களுக்கு ஐந்து மைல் பின்னால்தான் இறங்குகிறாள்.