ஐஸ் கம்பெனி வாசலில் நிற்கும் ஐரீன்

ஒரு வாரத்துக்கு மெட்ராஸ் வருகிறவர்கள் எந்தப் பாஸ் வாங்கலாம் என்று போனில் தேடிப் பாருங்கள். ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். மெட்ரோ அட்டை வாங்கு, ரயிலுக்கு சீசன் எடு, பஸ்ஸுக்கு மாசப் பாஸ் போடு. நானும் ராத்திரி முழுக்கப் படித்தேன். எந்தப் பாஸாக இருந்தாலும் முதலில் பஸ் நிற்க வேண்டும் என்று அதில் ஒருவரும் எழுதவில்லை.

எனக்கு வேண்டியது வியாகுலம்மாள் அத்தைக்கு ஒரு பாஸ். அத்தை, செத்துப்போன என் அப்பாவின் அக்கா. தூத்துக்குடி. அவருக்கு ஒரே மகள், ஷைனி. ஷைனி கன்னியாஸ்திரி ஆகி நான்கு வருஷம் ஆகிறது. இப்போது அவளை ஆப்பிரிக்காவுக்கு அனுப்புகிறார்கள். ஐந்து வருஷத்துக்கு ஊர்ப்பக்கம் வர முடியாது. கிளம்புவதற்கு முன் ஒரு வாரம் சாந்தோம் பக்கத்தில் ஒரு மடத்தில் இருந்தாள். திங்கள் முதல் ஞாயிறு வரை தினமும் நான்கிலிருந்து ஐந்து வரை வீட்டார் வந்து பார்க்கலாம். ஞாயிறு ராத்திரி விமானம். அத்தைக்கு வயது அறுபத்து மூன்று, சர்க்கரை வேறு. "ஏழு மணி நேரம் இருக்கு மெர்லின், அது போதும்" என்று போனில் சொன்னார். அந்த ஏழு மணி நேரத்துக்காகத்தான் காசிமேட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

மெட்ரோ சாந்தோம் பக்கம் போகாது. பறக்கும் ரயிலுக்கு பீச் ஸ்டேஷன் வரை பஸ்ஸில் போய், படி ஏறி இறங்க வேண்டும். அத்தையின் முழங்காலுக்கு அது ஆகாது. மிச்சம் இருந்தது பஸ். நான் எண்ணூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் பில் போடுகிறவள், வேலை ஏழு மணி வரை. அம்மாதான் தினமும் மூன்று மணிக்கு மீனோடு அந்தப் பக்கம் போகிறவள். அத்தையைக் கூட்டிக்கொண்டு போவதாக அவள் ஒத்துக்கொண்டாள்.

எங்கள் அம்மா ஐரீனைப் பற்றிச் சொல்கிறேன். விடிகாலை ஏலத்தில் மீன் எடுத்துப் பாதியைப் பக்கத்துத் தெருக்களில் விற்பாள். மீதியை ஐஸில் போட்டு, அன்னக்கூடையில் அடுக்கி, மேலே கோணியை நனைத்து மூடி, மந்தைவெளியில் ஒரு தெருமுனைக்குக் கொண்டுபோவாள். இருபத்தெட்டு வருஷம் இதுதான். என்னைப் படிக்க வைத்தது அந்தக் கூடை. அவள் வஞ்சிரத்தைத் துண்டு போட்டால் நிறுத்துப் பார்க்கத் தேவையில்லை. வாயைத் திறந்தால் மார்க்கெட்டே திரும்பிப் பார்க்கும். யாருக்கும் பயப்படாதவள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாஸ் வேண்டாம் என்றாள்.

"பொம்பளைங்களுக்கு வெள்ள போர்டு வண்டி ஃப்ரீயா உட்டுக்கீறாங்க. இன்னாத்துக்கு தண்டமா பாஸு? நான் இட்டுகினு போய் இட்டாறேன், நீ கம்முனு கெட."

திங்கட்கிழமை அத்தை மடத்துக்குப் போய்ச் சேர்ந்தது நாலே முக்காலுக்கு. கால் மணி நேரம்தான் ஷைனியைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை போனபோது கேட்டைப் பூட்டிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எனக்கு வந்த கோபத்தில் அம்மாவைப் பிடி பிடி என்று பிடித்தேன். "மூணு மணிக்குக் கெளம்பி அஞ்சு மணிக்குப் போறியே, வழியில இன்னா பண்ண? எவகிட்டயாச்சும் கத பேசிகினு இருந்தியா?"

"பஸ்ஸு வர்ல."

"ரெண்டு மணி நேரமாவா வர்ல?"

அம்மா கூடையைத் திருப்பிப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். வாயாடி ஐரீன் வாயை மூடினால் அதில் ஏதோ இருக்கிறது என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. இலவசத்துக்கு ஆசைப்பட்டு வெள்ளை போர்டுக்காகக் காத்துக்கிடக்கிறாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். மறுநாள் காலையில் அத்தையை டோல்கேட் பஸ் டிப்போவுக்கு இழுத்துக்கொண்டு போய், போட்டோ எடுத்து, மாசப் பாஸ் வாங்கிக் கழுத்தில் மாட்டிவிட்டேன். டீலக்ஸ் வந்தாலும் ஏறலாம். சாதித்துவிட்ட நினைப்பில் ஆபீஸுக்கு லேட்டாகப் போனேன்.

புதன்கிழமையும் கேட் பூட்டியிருந்தது.

"பஸ்ஸு நின்னுச்சு பிள்ள" என்றார் அத்தை. "கூடைய எறக்குன்னு கண்டக்டர் சொல்லிட்டான். ஒங்க அம்ம எறங்கிட்டா. எனக்கு ஊரு தெரியாதுல்லா, நானும் எறங்கிட்டேன்."

அம்மா அன்றும் கூடையைத் தேய்க்கப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை நான் லீவு போட்டேன். மூன்று மணிக்கு மூவரும் கிளம்பினோம். பஸ் ஸ்டாப் வந்ததும் அம்மா நிற்காமல் கூடையோடு நடந்துகொண்டே இருந்தாள்.

"ரெண்டு பேரும் இங்கியே நில்லுங்க. நான் அங்க நிக்கறேன்."

அங்கே என்றால் ஐஸ் கம்பெனி கேட். ஸ்டாப்பிலிருந்து நூறு அடி தள்ளி. அந்த இடத்தில் ஒரு வேகத்தடை இருக்கிறது. அங்கே ஏற்கனவே நான்கு பெண்கள் கூடையோடு நின்றிருந்தார்கள்.

பஸ் வந்தது. நானும் அத்தையும் கை காட்டியதும் அழகாக நின்றது. ஏறினோம். வண்டி கிளம்பி வேகத்தடையில் லேசாக மெதுவானது. அந்த ஒரு நொடிக்குள் ஐந்து பேரும் பின்படிக்கு ஓடி வந்தார்கள். ஒருத்தி கூடையைப் படியில் எறிந்து தொற்றிக்கொண்டாள். மற்றவர்களுக்கு முடியவில்லை. என் அம்மா, ஐம்பத்தாறு வயது, தலையில் கூடையைப் பிடித்தபடி பத்து அடி ஓடி நின்றுவிட்டாள். மீன் தண்ணீர் அவள் முகத்தில் வழிந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு திரும்பிப் பழைய இடத்துக்கே நடந்தாள்.

கூடையோடு ஸ்டாப்பில் நின்றால் பஸ் நிற்காது. நாற்றமாம். அதனால் வேகத்தடைக்குப் பக்கத்தில் நின்று தொற்றிக்கொள்கிறார்கள். இது அங்கே எல்லா மீன்காரிகளுக்கும் தெரியும். பெற்ற மகள் எனக்குத் தெரியவில்லை. அத்தையால் ஓட முடியாதென்று முந்தைய மூன்று நாளும் அம்மா கூடையோடு ஸ்டாப்பிலேயே நின்று பார்த்திருக்கிறாள். காலேஜுக்கு மூன்று வருஷம் இதே ஸ்டாப்பில் பஸ் ஏறினேன். அந்த மூன்று வருஷமும் அம்மா இதே வார்த்தையைத்தான் சொன்னாள். நீ இங்க நில்லு, நான் அங்க நிக்கறேன். வெயிலுக்கு நிழல் தேடிப் போகிறாள் என்று நினைத்தேன். பக்கத்தில் நின்றால் எனக்கும் பஸ் நிற்காது என்று அவள் போயிருக்கிறாள். அதை நினைத்து பஸ்ஸில் அழுதேன். அழுகையைவிடக் கோபம்தான் அதிகம். அந்த டிரைவர் மேல், கண்டக்டர் மேல், மூக்கைப் பொத்துகிற ஜனங்கள் மேல். எல்லாவற்றையும்விட என் மேல்.

அன்று அத்தைக்கு முழு ஒரு மணி நேரம் கிடைத்தது. இறங்கும் இடத்தையும் பார்த்துக்கொண்டார். வெள்ளி, சனி இரண்டு நாளும் பாஸோடு ஸ்டாப்பில் தனியாக நின்று, ஏறி, நேரத்துக்குப் போய்வந்தார். வியாழன் ராத்திரியே நான் அம்மாவிடம், "ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா இன்னா பண்ணுவ? கலெக்டரா நீயி?"

ஞாயிற்றுக்கிழமை கடைசி நாள். அம்மா வியாபாரத்துக்கு லீவு விட்டாள். ஷைனியை ஒரு முறையாவது பார்த்து நெற்றியில் சிலுவை போட்டு அனுப்ப வேண்டும் என்றாள். சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் குளித்தாள். கோயிலுக்குக் கட்டுகிற நீலப் புடவையைக் கட்டிக்கொண்டாள். கையில் ஒரு ஜெபமாலை டப்பா மட்டும். கூடை கிடையாது.

ஸ்டாப்புக்கு வந்தோம். அத்தை முழங்கால் வலிக்கிறது என்று என் தோளைப் பிடித்தார். அதற்குள் பஸ் வந்துவிட்டது. அத்தையைக் கைத்தாங்கலாக ஏற்றி நானும் ஏறினேன். அம்மா பின்னால் ஏறியிருப்பாள் என்று திரும்பினேன்.

இல்லை.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நீலப் புடவையில், வெறுங்கையோடு, ஐஸ் கம்பெனி கேட்டில் நின்றுகொண்டிருந்தாள். கால் பழகின இடத்துக்குப் போய்விட்டது. பஸ் அவளைத் தாண்டியபோதுதான் அவளுக்கே தெரிந்தது. கையைத் தூக்கினாள். டிரைவர் அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"நிறுத்துலே!" அத்தை போட்ட சத்தத்தில் பஸ்ஸே அதிர்ந்தது. "வண்டிய நிறுத்துலே!"

கண்டக்டர் முறைத்தார். "ஸ்டாப்புலதாம்மா நிக்கும்."

"ஸ்டாப்புல நிப்பியளோ? நல்லா நிப்பிய. நானுந்தான் வாரம் பூரா பாத்தேன்."

அடுத்த ஸ்டாப்பில்தான் நின்றது. அத்தை இறங்கினார். நானும் பின்னாலேயே இறங்கினேன். "அத்தை, மணி ஆவுது. இன்னிக்கு உட்டா அஞ்சு வருஷம். நீங்க போங்க, நான் அம்மாவ இட்டாறேன்."

"அவள அங்கன நிக்க வச்சுட்டு நான் எம்புள்ள மூஞ்சில எப்படி முழிக்க? வா."

நொண்டி நொண்டித் திரும்பி நடந்தார். போய்ச் சேரக் கால் மணி நேரம் ஆனது. அம்மா எங்களைப் பார்த்ததும் பதறிப்போனாள்.

"ஐயோ அண்ணி, இன்னாத்துக்கு எறங்குனீங்க? பாழாப்போன காலு, தானா இங்க வந்துட்ச்சு. ஷைனி காத்துகினு இருக்குமே!"

அத்தை அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தார். நூறு அடி நடத்திக்கொண்டு வந்து, ஸ்டாப்பின் கூரைக்குக் கீழே, நட்ட நடுவில் நிறுத்தினார். அம்மா தலையைக் குனிந்தபடியே இருந்தாள். அடுத்த பஸ் முப்பத்தைந்து நிமிஷம் கழித்து வந்தது. நின்றது. அம்மா படியில் கால் வைக்கத் தயங்கி, ஒரு முறை கண்டக்டரைப் பார்த்துவிட்டு ஏறினாள்.

ஷைனியோடு எங்களுக்குப் பத்து நிமிஷம் கிடைத்தது. அம்மா சிலுவை போட்டாள். அத்தை மகளின் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். ஏன் லேட் என்று ஷைனி கேட்டாள். "ஒங்க ஐரீன் அத்தைக்கு பஸ் கெடைக்கல மக்கா" என்றார். மணி அடித்ததும் கேட்டைச் சாத்தினார்கள்.

திங்கட்கிழமை காலை அத்தை ரயில் ஏறினார். பாஸைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அதில் இன்னும் மூன்று வாரம் பாக்கி இருந்தது, அத்தையின் போட்டோவோடு. யாருக்கும் உதவாது.

அன்று மூன்று மணிக்கு நான் ஆபீஸில் இல்லை. அம்மாவின் அன்னக்கூடையை அவளிடமிருந்து பிடுங்கி, என் தலையில் வைத்துக்கொண்டு, ஸ்டாப்பில் நின்றேன். அம்மா ஐஸ் கம்பெனி கேட்டிலிருந்து, "வேணான்டி மெர்லினு, இங்க வந்துரு" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். முதல் பஸ் என்னைப் பார்த்ததும் வேகம் எடுத்துப் போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவது வருவது தெரிந்ததும் கூடையோடு ரோட்டில் இறங்கி நடுவில் நின்றேன். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அம்மா வந்து என் பக்கத்தில் நின்றாள்.