நான் எழுதிய ஏழு ராஜினாமாக்கள்

வேலை போன அன்று, அதற்கான கடிதத்தை நானே எழுதி, நானே மூன்று முறை திருத்தி, நானே கொண்டுபோய்க் கொடுத்த முட்டாள் நான். மூன்றாம் முறை திருத்தியதற்குக் காரணம், நன்றி சொல்லும் பத்தி கொஞ்சம் வறட்சியாக இருப்பதாகப் பட்டதுதான்.

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் பதினெட்டு வருடம் பிழை திருத்தினேன். தினசரிக் காலண்டர் தாளின் ராசிபலன் கட்டம்கூட என் கண்ணைத் தாண்டித்தான் போகும். கட்டத்துக்குள் 'அலைச்சல்' அடங்காவிட்டால் 'ஜெயம்' என்று மாற்றிவிடுவேன். எத்தனையோ விருச்சிக ராசிக்காரர்களுக்கு இடநெருக்கடியால் வெற்றி தேடித் தந்த புண்ணியவான்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஆடிப்பெருக்கன்று புது வருடக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வெளிவந்தால் சீசன் தொடங்கும், பொங்கலோடு முடியும். பிறகு சில மாதம் சிலரை நிறுத்திவைத்து, ஆடி நெருங்கும்போது மறுபடி கூப்பிடுவார்கள். இந்த வருடம் பொங்கல் கழிந்ததும் மேனேஜர் எங்கள் ஏழு பேரை உள்ளே அழைத்தார்.

"ஆர்டர் கொறஞ்சுபோச்சு. நீங்களா நின்னுக்கிறாப்புல ஒரு லெட்டர் குடுத்துருங்க. சீசனுக்குக் கூப்பிடும்போது ஒரு சிக்கலும் வராது பாருங்க."

மற்ற ஆறு பேரும் பைண்டிங் பகுதி. என்ன எழுதுவதென்று முழித்தார்கள். எழுத்து என்றால் அந்த அச்சகத்தில் நான்தானே பெரிய ஆள்! சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தேன். 'எவருடைய வற்புறுத்தலும் இன்றி, என் சொந்த விருப்பத்தின் பேரில்' என்ற வரியை யாரும் என்னிடம் கேட்கவில்லை. ஓசை நன்றாக இருந்ததால் நானே சேர்த்தேன். ஏழு கடிதத்திலும்.

ஆடி வந்தது, ஆல்பமும் வந்தது. எங்களைத்தான் கூப்பிடவில்லை.

வேலை இழந்தவர்களுக்குத் தொழிலாளர் காப்பீட்டில் சில மாதம் பாதிச் சம்பளம் தருகிறார்கள் என்று அப்போதுதான் கேள்விப்பட்டேன். பைண்டிங் ஆறு பேரில் ஒருத்தியான திருத்தங்கல்காரத் தங்கச்சியும் என்னோடு வந்தது. அதன் வீட்டில் அது ஒன்றுதான் சம்பாத்தியம். மகள் கல்லூரியில் கடைசி வருடம். "நீங்க இருக்கும்போது எனக்கென்ன பயம்ணே" என்றது பஸ்ஸில். இரண்டு பேர் விண்ணப்பத்தையும் அடித்தல் திருத்தல் இல்லாமல் நானே நிரப்பினேன்.

காப்பீட்டு அலுவலகத்தில் இருந்த அம்மா தாள்களைப் புரட்டினார். "இது என்ன சார், கேக்காத தாள் ஒண்ணு?"

"அத்தாட்சி மேடம். வேலை போனதுக்கு" என்றேன் பெருமையாக. ராஜினாமா நகலை இணைத்திருந்தேன், இரண்டு பேருக்கும்.

அவர் நிதானமாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "வேலையை விட்டு நிறுத்தினாத்தான் சார் இது. நீங்களா விட்டுட்டா வராது. நாங்கதான் நிறுத்துனோம்னு கம்பெனியில எழுதி வாங்கிட்டு வாங்க, பாப்போம்."

அங்கிருந்து நேரே அச்சகத்துக்கு. தங்கச்சியை கேட்டில் நிறுத்திவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். மேனேஜர் டீ வரவழைத்தார், கோப்பிலிருந்து என் கடிதத்தை எடுத்தார், வாய்விட்டுப் படித்தார்.

"எம்புட்டு அழகா எழுதியிருக்கீக அண்ணாச்சி! இப்பப் போயி நாங்கதான் நிறுத்துனோம்னு எழுதினா, இது பொய்யின்னு ஆயிருமே?"

"நீங்கதானே எழுதச் சொன்னீக?"

"ரெண்டு வரி எழுதச் சொன்னேன். வற்புறுத்தலே இல்லன்னு எழுதச் சொன்னேனா?"

சொல்லவில்லைதான். டீயைக் குடித்தேன். பழக்கதோஷத்தில் நன்றி வேறு சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

தங்கச்சி கேட்டருகே அந்த விண்ணப்பத்தை நெஞ்சோடு பிடித்தபடி நின்றது. என் முகத்தைப் பார்த்ததுமே கையை இறக்கிவிட்டது.

"கெடைக்காதாண்ணே?"

"அந்த லெட்டர் இருக்கே... அது இருக்க வரைக்கும் கெடைக்காதாம்."

அது தாளை நான்காக மடித்துச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தது. என்னைத் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அதைப் பார்க்கத் தாங்காமல் நான்தான் வாயைத் திறந்தேன்.

"மனச விட்ராத தாயி. கலெக்டருக்கு ஒரு மனு போடுவோம். உருக்கமா நானே எழுதித் தாரேன்."

"நீங்க ஒண்ணும் எழுதாதீகண்ணே."